எங்கள் வீட்டு முழங்கால்

ஞானத்தின் வீட்டுப் பெண்களைத் தெருமுனையில் வரும்போதே கண்டுபிடித்துவிடலாம். முகம் தெரிய வேண்டியதில்லை. ஐம்பது வயதை ஒட்டி அவர்களுடைய முழங்கால்கள் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கும். அதன்பிறகு இடமும் வலமுமாக உடம்பைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பார்கள். அம்மா அப்படி நடந்தார். அம்மாவின் தங்கைகள் அப்படி நடந்தார்கள். அக்கா விசுவாசத்துக்கு ஐம்பதுக்கு முன்பே வந்துவிட்டது. ஞானத்துக்குச் சற்றுத் தாமதமாக, மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெறும் சமயத்தில் வந்தது.

அந்தக் குடும்பத்தில் யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. முழங்காலில் நின்று செபித்ததால் வந்தது என்று நம்பினார்கள். தினமும் சாயங்காலம் செபமாலை முடியும்வரை சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு நிற்பது அந்த வீட்டுப் பெண்களின் பழக்கம். ஆண்கள் சுவரோரம் சாய்ந்து நின்றுகொள்வார்கள். ஈஸ்டருக்கு எல்லாரும் திண்டுக்கல்லில் விசுவாசத்தின் வீட்டில் கூடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, புடவையை முழங்கால்வரை ஏற்றிவிட்டுத் தைலம் தேய்ப்பார்கள். யாருடைய கால் அதிகம் வளைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் ஒரு போட்டிகூட இருந்தது.

"ஊர்க்காரிக காலெல்லாம் கடைத்தெரு சுத்தித் தேஞ்ச காலு. நம்ம காலு சேசு முன்னாடி தேஞ்சது" என்பார் விசுவாசம்.

"அப்ப அத்தானுக்கு ஏன்க்கா தேயல?"

"அந்த மனுசன் என்னிக்கு முட்டி போட்டாரு? கோயில்ல தூண் எதுக்கு வச்சிருக்குன்னு கேப்பாரு."

ஞானமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார். ஆனால் யாராவது ஆன்மேரியைப் பார்த்து, "அடுத்தது நீதாண்டி" என்று சொன்னால் மட்டும் தைலப் பாட்டிலை மூடுவதில் கவனமாகிவிடுவார். ஆன்மேரி ஞானத்தின் ஒரே மகள். ஞானம் பெறாத மகள். இது அந்த வட்டத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஆன்மேரிக்கும் தெரியாது.

ஞானத்துக்குத் திருமணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. இரண்டு முறை தரித்து இரண்டும் நிற்கவில்லை. கணவர் லூர்துராஜ் மிஷன் மாணவர் விடுதியில் வார்டன். அவரைத் தருமபுரிப் பக்கம் ஒரு விடுதிக்கு மாற்றியபோது ஞானம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனார். அங்கே கன்னியர் மடத்துச் சகோதரிகளின் பராமரிப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பெற்றவள் யார் என்று சகோதரிகள் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. சட்டப்படி செய்ய வேண்டியதையெல்லாம் லூர்துராஜ் செய்து முடித்தார். மதுரைக்குத் திரும்பி வந்தபோது குழந்தைக்கு நடக்கும் வயது. முன்பு ஆனதுபோல ஆகிவிடக் கூடாது என்றுதான் கருவுற்றதை யாருக்கும் சொல்லவில்லை என்று உறவினர்களிடம் சொன்னார்கள். பல வீடுகளில் போன் இல்லாத காலம். நம்பினார்கள். அல்லது, நம்புவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

"இது நமக்குள்ள இருக்கட்டும். நம்ம ரெண்டு பேரோட போயிரட்டும்" என்றார் லூர்துராஜ். ஞானமும் அதையே விரும்பினார்.

குழந்தைகள் கண்ணெதிரே நடப்பவரைப் பார்த்துத்தான் நடக்கின்றன. ஆன்மேரி பத்து வயதிலேயே ஞானத்தைப்போல இடது காலை முதலில் வைத்துப் படி ஏறினாள். யோசிக்கும்போது ஞானத்தைப்போல கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அம்மாவ உரிச்சு வச்சிருக்கு" என்று பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் சொல்வார்கள். அதைக் கேட்ட நாட்களில் ஞானம் வீட்டுக்கு வந்து லூர்துராஜிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும்.

ஆன்மேரியின் திருமணம் முடிந்த மறு வருடம் லூர்துராஜ் மாரடைப்பில் இறந்தார். இருவர் காத்துவந்த ஒன்றை ஒருவர் காப்பது வேறு வேலை. அவர் இருந்தவரை அது ஓர் உறவாக இருந்தது. மகள் எதையாவது சொல்லிச் சிரிக்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையில் அந்த ரகசியம் பத்திரமாக இருந்தது. அவர் போன பிறகு அப்படிப் பார்க்க ஆளில்லை. ஒரு விஷயம் உண்மையாக இருப்பதற்குக் குறைந்தது இரண்டு பேருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது மெல்ல மெல்லக் கனவைப்போல ஆகிவிடுகிறது. சில மத்தியானங்களில் ஞானத்துக்கு, பிரசவ வலி எடுத்த நினைவே வந்துவிடும். எழுந்து முகம் கழுவிக்கொள்வார்.

காளவாசலில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் அவர் தனியாக இருந்தார். முன்னறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. பகல் முழுவதும் டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் இரைந்துகொண்டிருக்கும். அது நின்றால் இரவு ஆகிவிட்டது என்று பொருள். ஆன்மேரி சோழவந்தானில் இருந்தாள். அவள் கணவன் ஆன்றோ அங்கே மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். ஆன்மேரி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்தாள். அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் உட்காரக் கூடாது என்பதற்காக வகுப்பறைகளில் நாற்காலியே போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வருவாள். சாயங்காலம் திரும்பிப் போவாள். அந்த நேரத்தைத்தான் ஞானம் வாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மற்ற நாட்கள் அதற்காகக் காத்திருந்த நாட்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்மேரி உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கும் ஆரம்பிச்சிருச்சு போல."

"என்னது?"

"என்னதா? நம்ம வீட்டு முழங்கால்."

ஞானம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மகளின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். லேசாகச் சூடாக இருந்தது. அவருக்கு வந்திருக்க வேண்டியது கவலை. கவலையும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. அதை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். தன் உடம்பு கொடுக்காத ஒன்றை, எந்த வழியிலோ, இந்தப் பெண் தன்னிடமிருந்து பெற்றுக்கொண்டாள் என்ற நினைப்பு. அப்படி நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நினைப்பு அரை நாள் அவரோடு இருந்தது. விசுவாசம் போன் செய்தபோது தானாகவே அதைச் சொன்னார்.

"வந்துருச்சா? இப்பத்தான் அவ நம்ம வீட்டுப் புள்ள" என்றார் விசுவாசம் போனில். சிரித்தார். ஞானம் போனை வைத்த பிறகும் வெகுநேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

காளவாசல் பக்கத்திலேயே எலும்பு மருத்துவர் தங்கப்பாண்டியின் கிளினிக் இருந்தது. ஞானத்தின் காலைப் பார்த்துவந்ததும் அவர்தான். அடுத்த வாரம் இருவரும் போனார்கள்.

"சொல்லுங்கம்மா. எங்க வலி?" என்று கேட்டார் ஆன்மேரியிடம்.

"முழங்கால்ல டாக்டர். படி எறங்கும்போது குத்தும். ரொம்ப நேரம் நின்னா கனத்துப் போகும். உக்காந்து எந்திரிச்சா பிடிச்ச மாதிரி இருக்கும். படுத்தா கொஞ்சம் கொறையும்."

இவை ஞானம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லும் சொற்கள். ஈஸ்டர் வட்டத்தில் எல்லாரும் சொல்லும் சொற்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு வலி என்றால் அப்படித்தான் சொல்லத் தெரிந்திருந்தது.

"வீட்ல யாருக்காவது இருக்கா?"

"யாருக்கு இல்லன்னு கேளுங்க டாக்டர்" என்றாள் ஆன்மேரி. "அம்மா, பெரியம்மா, அம்மாச்சி, அம்மாச்சியோட தங்கச்சிங்க. எங்க வீட்டு முழங்கால்னே அதுக்குப் பேரு."

டாக்டர் ஞானத்தைப் பார்த்தார். ஞானம் தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பு போதுமானதாக இருந்தது.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப நிலையில் தெரியாது என்றார் டாக்டர். வலி மாத்திரை எழுதினார், தொடைத் தசைக்குச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார்.

"முட்டி போட்டு செபம் பண்ணுறதால வருதுன்னு எங்கக்கா சொல்லும்" என்றார் ஞானம்.

"கொஞ்சம் இருக்கலாம்மா. ஆனா ஊரே முட்டி போடுது, எல்லாருக்கும் தேயலையே. குருத்தெலும்பு எம்புட்டுத் தாங்கும்கிறது ஓரளவு பொறக்கும்போதே முடிவாகிருது. அதுக்கு ஒரு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் லேசா ஒரு தள்ளு தள்ளும். அப்புறம் எடை, பழைய அடி, செய்யிற வேலை எல்லாம் சேந்துக்கிடும். பாதி பொறப்பு, பாதி பொழப்புன்னு வச்சுக்கங்களேன். உங்க வீட்ல பொறப்புப் பக்கம் கொஞ்சம் கனமா இருக்கு."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது ஆன்மேரி சொன்னாள்: "உங்கிட்டருந்து மூக்கு வரல, நெறம் வரல. போயும் போயும் முட்டிதான் எனக்குக் கெடச்சிருக்கு."

"இருக்கிறதத்தான குடுக்க முடியும்" என்றார் ஞானம். சொல்லிவிட்டு வெளியே பார்த்தார்.

அதன்பிறகு வந்த மாதங்கள், லூர்துராஜ் போன பிறகு ஞானம் கண்ட நல்ல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் கட்டிலில் எதிரெதிராகக் கால் நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டார்கள். வாரத்தின் நடுவில் ஆன்மேரி போன் செய்து, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "உனக்கு?" என்று கேட்க ஞானத்துக்கு வாய்த்தது. அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லாத வாரங்களில்கூட வலி இருந்தது. தனிமையில் இருப்பவர்களுக்குப் பேசுபொருள் என்பது சாதாரணமான விஷயம் இல்லை.

கோடை விடுமுறையில் ஆன்றோ விடைத்தாள் திருத்தும் பணிக்கு வெளியூர் போனார். ஆன்மேரி சில நாட்கள் அம்மாவோடு தங்க வந்தாள். வலி வந்த பிறகு முதல்முறையாக ஞானம் மகளின் விடியற்காலை நேரத்தைப் பார்த்தார்.

விடிந்ததும் ஆன்மேரியால் காப்பித்தூள் டப்பாவின் மூடியைத் திருக முடியவில்லை. தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடித்தாள். சடை பின்ன விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கழுத்துச் சங்கிலியில் கல்யாண மோதிரம் தொங்கியது.

"மோதிரத்தை ஏன் கழட்டின?"

"விரல் வீங்கிக் கெடக்கும்மா. காலைல கை மடங்கவே மாட்டேங்குது. பத்து மணிக்கு மேல சரியாயிரும். நடமாட நடமாட முழங்காலும் லேசாயிரும்."

"இத டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அவரு முழங்காலத்தான கேட்டாரு."

ஞானத்தின் வலி வேறு மாதிரி. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் பிடிக்கும், பிறகு விட்டுவிடும். நடக்க நடக்கக் கூடும், சாயங்காலத்தில் உச்சத்துக்குப் போகும். மகளுக்கு எல்லாம் தலைகீழாக இருந்தது. பெரிய மருத்துவ அறிவு எதுவும் அவருக்கு இல்லை. ஆனால் தன் வலியை அவருக்குத் தெரியும். இது அது இல்லை.

அன்று மகளின் விரல்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். வலி வலிதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டார். ஆன்மேரி சோழவந்தானுக்குத் திரும்பிய பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. டாக்டர் தன்னைப் பார்த்த பார்வையும், தான் தலையசைத்ததும் திரும்பத் திரும்ப வந்தன. மகள் தெரியாமல் தவறான பதிலைச் சொன்னாள். ஞானமோ தெரிந்தே அதற்குச் சாட்சி சொன்னார்.

ஒரு சாயங்காலம் தனியாக கிளினிக்குக்குப் போனார்.

"வாங்கம்மா. காலு எப்படி இருக்கு?" என்றார் தங்கப்பாண்டி.

"என் காலுக்கு வரல டாக்டர். மகளுக்காக வந்தேன். அன்னிக்கு அவ சொன்னது தப்பு. அது அவளுக்குத் தெரியாது."

"என்ன தப்பு?"

"அவ என் வயித்துல பொறந்த புள்ள இல்ல. எடுத்து வளத்தது. என் காலுக்கும் அவ காலுக்கும் சம்பந்தம் இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மகளுக்கு எப்போது வலி அதிகமாக இருக்கும், வேறெங்கே வலிக்கும் என்று கேட்டார். ஞானம் விரல்களைப் பற்றியும், காலை நேரத்தைப் பற்றியும், மோதிரத்தைப் பற்றியும் சொன்னார்.

"இதையெல்லாம் அவங்க சொல்லலியேம்மா."

"அவ உங்ககிட்ட சொன்னது என் வலிய."

அவர் மெல்லத் தலையசைத்தார். "இது தேய்மானம் இல்லாம வேறயா இருக்கலாம். ரத்தம் எடுத்துப் பாக்கணும். நாளைக்கே வரச் சொல்லுங்க. கையக் காட்டச் சொல்லி, அத வச்சே டெஸ்ட் எழுதிருவேன். நீங்க சொன்னத நான் அவங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"அப்ப அவகிட்ட சொல்ல வேண்டியதில்லையா?"

"வைத்தியத்துக்கு வேண்டியதில்ல. மத்தது உங்க விஷயம்மா."

ஞானத்துக்கு உடனே எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. லூர்துராஜ் போன பிறகு அந்த விஷயம் தெரிந்த இன்னொரு மனிதர் இப்போதுதான் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் ஏதாவது கேட்க மாட்டாரா என்று இருந்தது. எங்கே எடுத்தீர்கள், எத்தனை மாதக் குழந்தை, ஏதாவது. ஆனால் அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ஞானம் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து வெளியே வந்தார்.

ரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் என்று தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது என்று டாக்டர் விளக்கினார். அதற்கான நிபுணரிடம் அனுப்பினார். நிபுணர் வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை கொடுத்தார். ஆரம்பத்திலேயே விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் வைக்கலாம், தாமதித்தால் விரல்கள் கோணிக்கொள்ளும், கோணியது திரும்ப நிமிராது என்றார். ஞானம் உள்ளுக்குள் நன்றி சொன்னார். மகளுக்கு வைத்தியம் கிடைத்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடிந்துவிட்டது.

மழைக்காலத்தில், தீபாவளி முடிந்த பிறகு, ஆன்றோ போன் செய்தார்.

"அத்தை, நீங்க சொன்னாத்தான் கேப்பா. மாத்திரைய நிறுத்திட்டா. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"ஏன் மாப்ள?"

"எங்கிட்ட சண்ட போடுறா. உங்க வீட்டுக் கதையெல்லாம் சொல்லுறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்மேரி வந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஞானம் பொறுத்திருந்தார்.

"மாத்திரை சாப்பிடுறியா?"

"ஆன்றோ போட்டுக் குடுத்துட்டாரா?"

"சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிட்டா ரெண்டு நாளைக்குக் கொமட்டுதும்மா. பாடம் எடுக்க முடியல. சீப்புல கொத்துக் கொத்தா முடி வருது. எதுக்கு இம்புட்டுப் பாடு? பெரியம்மா என்ன மாத்திரை தின்னாங்க? இந்த வயசுலயும் சந்தைக்குப் போயி காய் வாங்கிட்டு வாராங்க. நீ தைலத்தோட ஓட்டுற. நம்ம வீட்டுப் பொம்பளைக எல்லாரும் இதோடதான் இருந்திருக்காங்க. நானும் இருந்துக்கிறேன்."

"டாக்டர் இது வேறன்னாருல்ல."

"மொதல்ல தேய்மானம்னாரு. அப்புறம் வேறங்கிறாரு. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாரு. நம்ம வீட்டு முழங்கால் எனக்குத் தெரியாதாம்மா? நீங்கல்லாம் தாங்கல? எனக்கு மட்டும் என்ன?"

அவள் குரலில் பிடிவாதத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. ஞானத்துக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இந்தப் பெருமையை ஊட்டி வளர்த்தவர் அவரே. தைலம் தேய்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் இது வளர்ந்திருக்கிறது. மகளின் வலது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் லேசாக நடுவிரல் பக்கம் சாய்ந்திருந்தது. போன மாதம் அப்படி இல்லை.

"நம்ம ரெண்டு பேரோட போயிரட்டும்" என்று லூர்துராஜ் சொன்னபோது அந்த விஷயத்தால் யாருக்கும் சேதம் இல்லை. அவர் இப்போது இருந்தால் என்ன சொல்வார் என்று ஞானம் யோசித்துப் பார்த்தார். இறந்தவர்கள் நம்மிடம் வாங்கிய வாக்கைத்தான் விட்டுச் செல்கிறார்கள். அதை எப்போது மீறலாம் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

"ஆன்மேரி, உனக்கு இருக்கிறது நம்ம வீட்டு வலி இல்ல."

"அப்படின்னு டாக்டர் சொல்லுறாரு."

"நான் சொல்லுறேன். உனக்கு எங்க வீட்டு முழங்கால் வராது. நாங்க தாங்குனதும் நீ தாங்க வேண்டியதும் ஒண்ணு இல்ல."

"ஏன் வராது?"

"நீ எங்க வீட்ல பொறக்கல."

ஆன்மேரி சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். டயர் கடைக்கு ஞாயிறு விடுமுறை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஞானம் எல்லாவற்றையும் சொன்னார். தருமபுரி, மடம், சகோதரிகள். சொல்வதற்கு அதிகம் இல்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் சுமந்தது அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் ஆன்மேரி.

"அப்பாதான் உன்னத் தூக்குனாரு. மடத்துலருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் என் கையில குடுக்கல."

"பெரியம்மாவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. டாக்டருக்கு மட்டும் சொன்னேன்."

"எந்த டாக்டர்?"

"தங்கப்பாண்டி."

"எனக்கு முன்னாடி அவருக்குச் சொல்லிருக்க."

"ஆமா."

ஆன்மேரி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மத்தியானத்திலும் இப்போது அப்படித்தான். திரும்ப உட்கார்ந்து தன் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஞானம் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பார்.

"அவங்களுக்கு இது இருக்குமா?"

யாரைக் கேட்கிறாள் என்று ஞானத்துக்குப் புரிந்தது.

"தெரியாதும்மா. இருக்கலாம்னுதான் சொல்லுவாங்க. இல்லாமலும் இருக்கும்."

"காலைல எந்திரிச்சா அவங்களுக்கும் கை மடங்காதோ என்னவோ."

ஆன்மேரியைப் பெற்ற அந்தப் பெண்ணை ஞானம் இதுவரை நினைக்காமல் இருந்ததில்லை. ஆனால் பயத்தோடுதான் நினைத்திருக்கிறார். என்றாவது வாசலில் வந்து நிற்பாளோ என்ற பயம். இப்போதுதான் முதல்முறையாக, எங்கோ ஒரு வீட்டில் விடியற்காலையில் விரல் மடங்காமல் பாத்திரத்தோடு போராடும் ஒருத்தியாக அவளை நினைத்தார். அவள் பக்கத்தில் யாராவது இருப்பார்களா, அவளுக்கு மாத்திரை கிடைக்கிறதா என்று தெரியாது. கட்டிலில் இந்தப் பக்கம் ஞானமும் அந்தப் பக்கம் ஆன்மேரியும் உட்கார்ந்து அந்தப் பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சேர்ந்து நினைக்கவில்லை.

வழக்கமாகப் போகும் பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸுக்கே ஆன்மேரி கிளம்பினாள்.

"மாத்திரை..." என்றார் ஞானம்.

"சாப்பிடுறேன்."

"இந்த வாரத்துலருந்தா?"

"இன்னிக்கே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுறேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "வாரேன்" என்றாள். எப்போதும் சொல்வதுபோலத்தான் சொன்னாள் என்று ஞானத்துக்குத் தோன்றியது. உறுதியாகத் தெரியவில்லை.

அவள் போன பிறகு பாத்திரங்களைக் கழுவி வைத்தார். முழங்கால் வலித்தது. தைலம் தேய்க்கத் தோன்றவில்லை. இருட்டத் தொடங்கியபோது போனில் செய்தி வந்தது.

"வந்துட்டேன். மாத்திரை போட்டுட்டேன்."

ஞானம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதைத் திரும்பப் படித்தார். அதில் 'அம்மா' என்ற சொல் இல்லை. உடனே விரலால் மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்தார். போன வாரம்: வந்துட்டேன். அதற்கு முந்தைய வாரம்: வந்துட்டேன். தீபாவளிக்கு முன்னால்: வந்துட்டேன், மழை. இன்னும் மேலே தள்ளினார். கோடை, ஈஸ்டர், தவக்காலம். எதிலும் அந்தச் சொல் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இத்தனை நாளும் அவர் அதைக் கவனித்ததில்லை.

ஆகவே இன்றைய செய்தியிலிருந்து அவரால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. மாத்திரை போட்டுவிட்டாள் என்பது மட்டும் நிச்சயம். "சரிம்மா" என்று பதில் அனுப்பினார். அனுப்பிவிட்டு, அவள் அதைப் படித்துவிட்டாளா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.